தம்பி கால் ஊன்றிய நாள்

பெரம்பலூர், 14.9.2006, வியாழன்.

பாம்புக்கடிக்குப் பின் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் தம்பியை இன்று படுக்கையோரம் உட்கார வைத்தார்கள். திருச்சியிலிருந்து வந்த பயிற்சியாளர், எப்படித் தூக்கி உட்கார வைப்பது என்று நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

“தொண்டைக் குழா புடுங்கிக்கிட்டா என்னங்க மாமா பண்றது? வேணாம்னு சொல்லுங்க,” என்று தம்பி மனைவி என்னிடம் கெஞ்சினாள்.

நர்சுகள் தூக்கியதும் அவன் கால்கள் துவண்டன. “மூட்டையாட்டம் தூக்குறீங்களே. அவருக்குக் காது கேக்குதும்மா, சொல்லிட்டுத் தூக்குங்க,” என்றார் பயிற்சியாளர். குழாயைப் பிடித்திருந்த நர்சு குனிந்து, “அண்ணே, காலை ஊணுங்க, நாங்க புடிச்சிருக்கோம்,” என்றாள். அவன் கால்விரல்கள் தரையை அழுத்தின. முதுகு மெல்ல நிமிர்ந்தது.

“நாளைக்கு நிக்க வைப்பீங்களா?” கேட்டது தம்பி மனைவிதான்.

பயிற்சியாளர் மாலையே ஊருக்குக் கிளம்பிவிட்டார். காலை எட்டு மணிக்குத் தாங்களே உட்கார வைப்பதாக அந்த நர்சு சொல்லியிருக்கிறாள். ஏழரைக்கே போய்விட வேண்டும்.