ஒரு மூலை வெட்டிய முனை

ஐப்பசி 9, புதன், இரவு.

மருமகளுக்கு நிறைமாதம். வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். புது மானிட்டரின் வயர் பழைய கம்ப்யூட்டரில் நுழையவில்லை. நாளை காலை வேலைக்கு உட்காராவிட்டால் வேலை போய்விடும் என்றாள். வயரின் முனையை நான் எழுத்துப் பழகும் நோட்டில் வரைந்துகொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரர், உள்ளே மாட்டினால் வயர் நுழைய வாய் கிடைக்கும் என்று ஒரு கிராபிக்ஸ் கார்டை நீட்டினார். அதன் வாயை என் நோட்டுப் படத்தோடு ஒட்டிப் பார்த்தேன்.

"இதுல ரெண்டு மூலையும் சரிஞ்சிருக்கு தம்பி. நம்மளுது ஒரு மூலைதான், எங்க வாய்க்கால் ஓரத்து வயல் மாதிரி."

"பெரியவரே, கம்ப்யூட்டர் படிச்சிருக்கீங்களா?"

"தமிழே இப்பத்தான் படிக்கிறேன்."

சிரித்துக்கொண்டே வேறொன்றை எடுத்துத் தந்தார். வீட்டில் மருமகள் மாட்டினாள். பொருந்தியது. திரையில் பெரிதாக ஏதோ அடித்தாள். எழுத்துக் கூட்டி நானே படித்தேன்:

"மாமா, சாப்பிட்டுட்டுத் தூங்குங்க."

சாப்பிட்டேன். கால் இரண்டும் கெஞ்சுகின்றன. தூங்கத்தான் மனம் வரவில்லை.