சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்

நிதால்,

பல் டாக்டர் ஹைஃபாவின் கிளினிக்குக்குப் போகிறேன். நேற்று நான் அவருக்குச் செய்த வெப்சைட்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாயே: "இவங்ககிட்ட போனா நல்ல பல்லும் சொத்தையாயிடும் போலிருக்கே ருதைனா! பேசாம பழைய வேலைக்கே போயிடு." உன்னைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

ஆனால் நீ கண்டுபிடித்தது சரிதான். ஆங்கிலப் பக்கத்தை அரபியாக்கும்போது எழுத்தை வலப்பக்கம் திருப்பினேன். சிகிச்சைக்கு முன், பின் படங்களை இடம் மாற்ற மறந்துவிட்டேன். வலமிருந்து படிக்கிறவர்களுக்கு நல்ல பல் முதலிலும் சொத்தைப் பல் பிறகும் தெரிந்திருக்கிறது. இப்போது மாற்றிவிட்டேன். டாக்டரிடம் நானே போய்ச் சொல்லிவிடுவேன். அதே மாடியில் ஒரு வக்கீல் இருக்கிறார். அவர் கதவையும் தட்டி, வெப்சைட் வேண்டுமா என்று கேட்காமல் வரமாட்டேன். பழைய வேலைக்குப் போகவும் மாட்டேன்.

மக்லூபா சோறு அடுப்பில் இருக்கிறது, தயிர் ஃபிரிட்ஜில். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு உம் ஸாஹிர் அம்மாவிடம் கொடு.

ருதைனா

பி.கு.: எவ்வளவு பசித்தாலும் பானையை நீ தட்டில் கவிழ்க்காதே, நான் வந்து கவிழ்க்கிறேன். போன தடவை நீ கவிழ்த்த மக்லூபாவைத் தரையிலிருந்துதான் அள்ளினோம். அன்றைக்கு நானும் சிரித்தேன்தான். ஆனால் இனிமேல் அடுப்படிப் பக்கமே வராதே என்றா சொன்னேன்?