பிளான்காரர் போட்ட போர்வைக் கணக்கு

பிளான்காரருக்கு,

சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது. நான் தையல் கடைக்குப் போகிறேன், பிளவுஸ் நாலு பாக்கி. வண்டிச் சாவி எங்கே என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் இதைப் படியுங்கள்.

போர்வை முடிந்துவிட்டது. கட்டிலில் விரித்திருக்கிறேன், கண்குளிரப் பாருங்கள். மிச்சத் துணியில் போர்வை தைக்க எனக்குப் பிளானே வேண்டாம். நீங்கள்தான் கட்டம் போட்ட தாளோடு வந்து, உங்கள் தங்கை முன்னாலேயே, “இவளுக்குக் கை ஓடும், கணக்கு ஓடாது” என்றீர்கள். துண்டுகளையும் நீங்களே வெட்டினீர்கள். தையலுக்கு ஓரத்தில் அரை அங்குலம் விடச் சொன்னேன். “கோட்டுக்குக் கோடு சரியா இருக்கு, நீ பேசாம தை” என்றீர்கள்.

பேசாமல் தைத்தேன். பதினாறு வரிசை. வரிசைக்கு ஓர் அங்குலம் தையலுக்குள் போய்விட்டது. ஆறடிப் போர்வை ஐந்தடிகூட வரவில்லை. கட்டடத்துக்கும் இந்த லட்சணத்தில்தான் பிளான் போடுகிறீர்கள் என்றால், அந்த வீடுகளில் இருப்பவர்கள் கதவைத் திறந்துவைத்துத்தான் கால் நீட்ட வேண்டும்.

குறைந்த அளவுக்கு நானே ஒட்டுப்போட்டுவிட்டேன். கணக்கில்லாமல், கையால் அளந்து. சரியாக இருக்கிறது.

தங்கை வந்தால் மறக்காமல் காட்டுங்கள். யார் பிளான் என்றும் சொல்லுங்கள்.

பி.கு.: உங்கள் நீல முழுக்கைச் சட்டையைத் தேடி பீரோவைக் கலைக்காதீர்கள். அது போர்வையின் கால்மாட்டில் இருக்கிறது.

வண்டிச் சாவியை எப்போதும் அந்தச் சட்டைப் பையில்தானே போடுவீர்கள். அதனால் பையை மட்டும் பிரிக்கவில்லை. சாவி அதில்தான் இருக்கிறது.