பாலத்துக்கு இந்தப் பக்கம்

அக்டோபர் 6

டாக்டர் அம்மா இன்று என் வீட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "தினம் பழைய ஸ்டேஷன் வரைக்கும் நடக்கணும், லெயாந்த்ரோ. வீட்லயே உட்கார்ந்திருந்தா அடுத்த அட்டாக்கை உங்க இதயம் தாங்காது." சமர்த்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். வாசலுக்கு வந்ததும், "இதெல்லாம் எனக்குத் தெரியாதா" என்றார்.

அக்டோபர் 9

ரயில் ஓடுவது நின்றுபோனதும் தண்டவாளத்தைப் பிடுங்கி, நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை போட்டிருக்கிறார்கள். ஊரில் அதற்குப் பேர் கொலஸ்ட்ரால் பாதை. டாக்டரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் அங்கேதான். ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த இரும்புத் தூண் ஒன்று நிற்கிறது. அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினால்தான் நடந்த கணக்கு. எதிரே வருகிறவர்கள் "தொட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

ஊர் முடிகிற இடத்திலேயே இரும்புப் பாலம். ஸ்டேஷன் அதைத் தாண்டி வெகு தூரம். பாலத்தின் முன்னால் லெயாந்த்ரோ நின்றுவிட்டார். ஷூ லேஸைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "முட்டி வலிக்குது விசி. திரும்பிடலாம்."

திரும்பும்போது அவருடைய சிநேகிதர் பல்பினோ எதிரே வந்தார். "தொட்டாச்சாடா?"

"தொட்டாச்சு."

என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பொய். கொஞ்ச நேரத்தில் பின்னால் பாலத்திலிருந்து பல்பினோவின் பாட்டு. தொண்டை கிழியக் கத்துகிறார். அந்த மனுஷனுக்கு வெட்கமே கிடையாது.

அக்டோபர் 17

இன்றும் பாலம் வரைதான்.

அக்டோபர் 25

பாலத்துக்கு முன்னால் இருக்கிற பெஞ்சில் வைத்துச் சண்டை. முட்டியா, முதுகா, இன்றைக்கு என்ன என்று கேட்டேன். கடைசியில் வாயைத் திறந்தார். "நடுவுல விழுந்துட்டா யாரு வருவா? அதுல ஆம்புலன்ஸ் ஏறாது. கீழ எவ்வளவு ஆழம்னு பாத்தியா?"

காலமெல்லாம் மலைப்பாதையில் லாரி ஓட்டின மனுஷன். நான் என்ன செய்ய? இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டா போக முடியும்? பாதையில் எதிர்த் திசையிலாவது நடக்கலாம் என்றால், அங்கே ரயில் சுரங்கம் இடிந்து மூடிக்கிடக்கிறது.

நவம்பர் 3

மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. நடக்கிறாரா என்று டாக்டர் கேட்டார். "தினமும் தொட்டுட்டு வரேன்" என்றார் இவர். நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் மூடிக்கொண்டேன்?

நவம்பர் 12

புத்தி கெட்டுப்போய் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

பல்பினோவிடம் பயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இவரைக் காரில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அங்கே இருக்கிற கடையில் காபி வாங்கிக்கொடுங்கள், அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், நடந்து வரட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பாலத்தைத் தாண்டித்தானே வந்தாக வேண்டும் என்று கணக்கு. பெஞ்சில் உட்கார்ந்து இருட்டும்வரை பார்த்தேன். யார் யாரோ வந்தார்கள். இவர் வரவில்லை. விழுந்துவிட்டாரோ - நான்தான் கொன்றுவிட்டேனோ -

வீட்டுக்கு ஓடினால், அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார். ஆலிவ் ஏற்றி வந்த டிராக்டரில், மூட்டைகளுக்கு நடுவே, ரோட்டு வழியாகச் சுற்றி வந்திருக்கிறார்.

"என்னைப் பொறி வெச்சுப் பிடிக்கப் பாத்தியா, விசி?"

நவம்பர் 13

தன் காபியைத் தானே போட்டுக் குடித்தார்.

நவம்பர் 20

ஷூவைத் தூக்கி அலமாரி மேலே போட்டுவிட்டார். நாள் முழுக்க ஜன்னலோரம். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது.

டிசம்பர் 1

"நீங்க எங்கயும் போக வேணாம். நான் செஞ்சது தப்பு" என்றேன். அழக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. அவர் ரொட்டியில் எண்ணெய் ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

டிசம்பர் 2

அவரே ஷூவை எடுத்தார். பாலம் வரை போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். பல்பினோ வந்தார். "தொட்டாச்சாடா?"

"இல்லடா. ஒரு நாளும் தொட்டதில்ல. பாலத்தப் பாத்தாலே பயம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல்பினோ கிண்டல் பண்ணுவார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும்தான். பின்ன எதுக்கு பாலத்துல அந்தக் கத்து கத்திட்டுப் போறேன்னு நெனச்ச?"

டிசம்பர் 9

காலையில் பனிமூட்டம். நீ இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருமாகப் பாலத்தில் ஏறினார்கள். நாலு அடியில் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். பாடுகிற இரண்டு குரல்கள் மட்டும் கேட்டன. லெயாந்த்ரோவுக்குக் கழுதைக் குரல். பாலத்தின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய முடியும்?

நடுவில் அவர் குரல் நின்றுபோயிற்று. பல்பினோவின் குரலும் நின்றது.

அப்புறம் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அடுத்த வரி மறந்துபோய்விட்டதாம்.