நாலு அங்குலம் குட்டையான தங்கைக்கு

மேற்குத் தாம்பரம்
1972 ஜூன் 11, ஞாயிறு, பகல் மணி பதினொன்று இருபது. நெற்றியில் வீக்கம் ஒன்று.

அன்புத் தங்கை தபீதாளுக்கு,

அப்பா இருந்திருந்தால் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை வழக்கம்போல அண்ணன் எழுதுகிறேன். தேவ கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அஸ்ஸாம் மழையில் நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்று அம்மா தினம் ஜெபிக்கிறாள், நான் ஆமென் சொல்லி முடித்து வைக்கிறேன். நேற்று நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். டாக்டரிடம் உயரம் அளந்து சர்டிபிகேட் உடனே அனுப்பு என்று மட்டும் அடித்துவிட்டு வந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், "ஏண்டா, பொண்ணு உயரத்தை அவசரமா எதுக்குடா கேப்பாங்க, மாப்பிள்ளை வந்திருக்கான்னு நெனச்சு அது அங்க அழுதுட்டு இருக்கும்டா" என்றாள். அழாதே, மாப்பிள்ளை எவனும் வரவில்லை. உன் பி.எஸ்ஸி. நர்சிங் விண்ணப்பம் நிற்கிறது, அதை நிறுத்தியவன் நான்.

நீ கையெழுத்துப் போட்டு அனுப்பியபோது உயரம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாய். டாக்டர் லீவில் இருக்கிறார், அவர் வந்ததும் அளந்து சர்டிபிகேட் அனுப்புகிறேன், அதுவரை அண்ணன் எதையும் தொட வேண்டாம் என்று தனியாக ஒரு வரியும் எழுதியிருந்தாய். குரோம்பேட்டைக் கம்பெனியில் ஏழு வருஷமாக டிராப்ட்ஸ்மேனாக இருப்பவனிடம் ஒரு அளவு எழுதாத தாளைக் கொடுத்துவிட்டுத் தொடாதே என்றால் தொடாமல் இருப்பானா. நீ நர்சிங் ஸ்கூலுக்குப் புறப்பட்ட அன்று அப்பா உன்னை உள்வாசல் நிலையில் சாய்த்து நிற்கவைத்து பென்சிலால் கோடு போட்டாரே, அது இன்னும் இருக்கிறது. கம்பெனி ஸ்டீல் டேப்பைக் கொண்டுவந்து தரையிலிருந்து அளந்தேன், இரண்டு தடவை. நாலடி ஏழு அங்குலம் என்று அச்சடித்த மாதிரி எழுதி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

நேற்று லீவு போட்டு எலெக்ட்ரிக் ரயிலில் பட்டணம் போய்க் கல்லூரி ஆபீசில் விசாரித்தேன். ஸ்ரீநிவாசராகவன் என்று ஒரு கிளார்க், மூக்குப்பொடி ஆசாமி, "மினிமம் நாலடி பத்து சார், இவங்க நாலடி ஏழு, பேஷண்டைத் தூக்கி உட்கார வைக்கணுமே" என்றார். என் தங்கை ஆறு வருஷமாகத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறாள், உங்களையும் தூக்குவாள் என்று கத்தினேன். மனுஷர் கோபப்படவில்லை. உன் நர்சிங் ஸ்கூல் பேப்பரைப் புரட்டி, "இதுல நாலடி பதினொண்ணுன்னு இருக்கு, நீங்க அளந்தா நாலடி ஏழு. வருஷா வருஷம் தேயறாங்களா சார்?" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அப்போதும் நான் அடங்கவில்லை, அந்த ஸ்கூல்காரர்களுக்கு அளக்கத் தெரியாது, நான் ஸ்டீல் டேப்பில் அளந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்காகச் சண்டை போடப் போனவன் உன்னைக் குட்டையென்று சாதித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தக் கோபத்தில் விறுவிறுவென்று வீட்டுக்குள் நுழைந்தேன், உள்வாசல் நிலையின் மேல்கட்டை நெற்றியில் இடித்தது. ஆறு மாசமாக இடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நேற்றுத்தான் புத்தியில் இடித்தது. போன ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும், நானே மட்டப்பலகை வைத்துத் தரையை நாலு அங்குலம் தூக்கி சிமெண்டு போட்டேன் அல்லவா, அதை உனக்கு நாலு பக்கம் பீற்றிக்கொண்டு வேறு எழுதினேன். தரை ஏறிவிட்டது, அப்பா போட்ட கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்கிருந்து அளக்கிறோம் என்று முதலில் பாருங்கள் என்று கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களை நான் போடாத சத்தமில்லை. அம்மாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, "நாலு அங்குலம் புதைச்சுட்டியேடா எம் பொண்ணை" என்றவள், பிறகு சிரிக்கவில்லை.

எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. படிப்பு லீவு உன் ஆஸ்பத்திரியில் இந்த வருஷம்தான் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சிறப்புப் பாடமாகப் பொதுச் சுகாதாரம் வேண்டாம், ஆபரேஷன் தியேட்டர் எடு, அதில்தான் உருப்படியான கருவிகள் இருக்கின்றன என்று மூன்று கடிதம் வாதாடினேன். குழந்தைகள் வார்டுக்கு வந்து சேரும்போது பாதி உயிர்தான் மிச்சம் இருக்கிறது அண்ணா, அதற்கு முன்னாலேயே நான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நீ ஒரே வரியில் பதில் எழுதினாய். மாசம் முடிவதற்குள் டாக்டர் சர்டிபிகேட் வந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று கிளார்க் நான் கத்தும்போதே சொன்னார், என் காதில் விழுந்தது ரயில் பல்லாவரம் தாண்டிய பிறகுதான். செருப்பைக் கழற்றிவிட்டு நில், கொண்டையைச் சேர்த்து அளக்க விடாதே, ஏர்மெயில் ரிஜிஸ்டரில் அனுப்பு. வெந்நீர் குடி. ஆவக்காய் ஊறுகாய் பார்சலில் வருகிறது, ஜாடியை ஈரக்கையால் தொடாதே என்று அம்மா சொல்கிறாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சர்டிபிகேட்டை மறக்காதே.

அப்பா இடத்தில் நின்று ஆசீர்வதிக்கும் அண்ணன்,
தனசிங்

இனி நான் செய்யப்போவது:
1. நாளைக்கே போய் ஸ்ரீநிவாசராகவனிடம் மன்னிப்புக் கேட்பேன். அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.
2. நீ அனுப்பும் சர்டிபிகேட்டை அளந்து பார்க்காமல் அப்படியே கொடுப்பேன்.
3. முதல் விருப்பம் பொதுச் சுகாதாரம் என்று நீ எழுதியிருப்பதன் பக்கம் பேனாவைக் கொண்டுபோக மாட்டேன்.
4. நிலையைப் பெயர்த்து உயரமாக வைக்கலாம் என்று ஆசாரி வந்து சொன்னார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அப்பா போட்ட கோடு அதில்தான் இருக்கிறது. நானே குனிந்து வரப் பழகிக்கொள்கிறேன்.