நல்ல தண்ணி

புதுப் பாட்டில் வைக்கலாமென்று மீன் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியை இன்று காலை திறந்தேன். குப்பென்று அதே வாடை. சர்க்கரையும் ஈஸ்டும் தண்ணீரில் புளித்து நுரைக்கும் வாடை. கள்ளுக்கடைப் பக்கமே போகாத எனக்கும் அது கள் வாடைதான் என்று தெரியும்.

முதன்முதலில் அது வீட்டில் வீசிய அன்று உங்கள் வாயை முகர்ந்து பார்க்காத குறைதான்.

"ஏங்க, குடிச்சிட்டா வந்திருக்கீங்க?"

"நான் குடிக்கலடி, செடிக்கு ஊத்திக் குடுக்குறேன்" என்றீர்கள். பாட்டிலில் பொங்கும் கரியமில வாயு குழாய் வழியாகக் குமிழ் குமிழாகத் தொட்டிக்குள் போனது. அதில்தான் தண்ணீருக்குள் இருக்கும் செடி தழைக்குமாம். வாசலில் நின்ற என் மல்லிகைக்கு ஒரு நாளும் தண்ணீர் ஊற்றாத மனிதர் நீங்கள்!

குழாயில் ஆத்தூர் அணைத் தண்ணீர் வந்த ஒரு நாள் உங்களுக்குப் பாசம் பொங்கிவிட்டது. "நாம மட்டும் நல்ல தண்ணி குடிக்கிறோம், அதுக என்ன பாவம் பண்ணுச்சு?" என்று தொட்டியிலிருந்த போர் தண்ணீரை இறைத்துவிட்டு, நான் பிடித்து வைத்திருந்த குடங்களையெல்லாம் அதில் கவிழ்த்தீர்கள். மறுநாள் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இரண்டு செத்தும் போயின. போர் தண்ணீரின் காரத்தன்மைதான் அதுவரை வாயுவின் புளிப்பைத் தாங்கியிருக்கிறது, குழாய்த் தண்ணீரில் அது போதாது என்று பிறகுதான் விசாரித்து அறிந்தீர்கள். "நமக்குத்தான்டி அது நல்ல தண்ணி" என்று அசடு வழிந்தீர்கள். நாம் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தது தனிக் கதை. அன்றிலிருந்து இரண்டு தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்துதான் ஊற்றினீர்கள்.

நீங்கள் போன பிறகு மகள், "தொட்டிய யாருக்காச்சும் குடுத்துரலாம்மா, உன்னால பாக்க முடியாது" என்றாள். நான் மாட்டேன் என்றேன். அந்த மீன்களும் செத்தால் உங்களை இன்னொரு முறை வழியனுப்ப வேண்டியிருக்கும் என்று பயந்தேன்.

போன வாரம் அடித்த வெயிலில் ஈஸ்ட் தாறுமாறாகப் பொங்கிவிட்டது. மதியம் பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே. குழாயைப் பிடுங்கினேன். காற்று மோட்டாரைப் போட்டேன். தண்ணீரைக் கலந்து செம்பு செம்பாக மெல்ல ஊற்றினேன். "செத்த நேரம் பொறுத்துக்கங்கப்பு, இந்தா ஆச்சு" என்று அவற்றிடம் சொன்னேன். நடுநடுவே உங்களையும் திட்டினேன்.

வெயில் தாழும்போது ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிச் செடிகளுக்குள் புகுந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.