பச்சைத் துண்டை எடுத்துவிடு

தொண்டாமுத்தூர்
புதன்கிழமை, மதியம்

அன்புள்ள கிருபாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நீ சௌக்கியம் என்று தெரிகிற வரைக்கும் அது பாதிப் பொய். முதலில் ஒரு காரியம் செய். நீ குடியிருக்கிற வேனின் வெளிப்பக்கத்தில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கம்பித் தடுப்பில் ஒட்டி வைத்திருக்கிறாயே, அந்தப் பச்சைத் துண்டை எடுத்துவிடு. சிலிண்டரை மூடு. கதவு சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டு மீதியைப் படி.

திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து உன் போன் கிடைக்கவில்லை. ஏழு செய்தி அனுப்பிவிட்டேன், எல்லாவற்றுக்கும் ஒரே டிக்தான். ஆப்பிள் தோட்டத்தில் கவாத்து முடிகிற வரை சிக்னல் இருக்காது என்று நீ சொன்னது நினைவிருக்கிறது, ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஹோபார்ட் டவுனில் இருக்கும் உன் சிநேகிதன் ரிஃபத்தைப் போனில் பிடித்தேன். அங்கே அப்போதே இருட்டிவிட்டதாம். தோட்டத்துக்குப் போக மூணு மணி நேரம் ஆகும்மா, இப்பவே கெளம்பறேன், அவன் படுக்கறதுக்குள்ள போயிருவேன் என்றார். இதை எழுதிப் படம் எடுத்து அவர் போனுக்கு அனுப்புகிறேன், அவர் உன்னிடம் காட்டுவார். போன வாரம் ஒற்றை யானை வந்து வாழையில் முப்பது மரம் சாய்த்துவிட்டுப் போனதைத்தான் உனக்கு எழுதுவதாக இருந்தேன். அது இப்போது ஒரு செய்தியாகவே தோன்றவில்லை.

கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் என்று நீ முதலில் காட்டியபோது அப்பா சிரித்தது ஞாபகம் இருக்கிறதா, நெருப்பு வெச்சு சில்லுனு பண்றதாம், உம்பட பையன் நம்மளக் கேனையனாக்கறான் என்று. அந்த ஃப்ரிட்ஜ் அணைந்து அணைந்து போகிறது, காற்று உள்ளே பூருகிறது, பால் கெட்டுவிடுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய். காத்து பூர்ற எடத்துல துணியை வெச்சு அடைச்சுப்போடு கண்ணு என்று நான்தான் சொன்னேன். நம் வீட்டில் எந்த இடுக்குக்கும் அதுதானே வைத்தியம். மறுநாள் நீ படம் அனுப்பினாய், நான் கொடுத்துவிட்ட துண்டும் சுற்றி டேப்புமாக. இப்ப அணையறதில்லம்மா, நெருப்பு மட்டும் மஞ்சளா எரியுது, காலைல எந்திரிச்சதுலருந்து தலை வலிக்குது, குளிருக்கா இருக்கும் என்று எழுதியிருந்தாய். நான் சுக்குக் காபி போட்டுக் குடிக்கச் சொன்னேன்.

இன்று காலை அடுப்புத் திருகு மாற்ற உக்கடத்தில் அமீர் ஹம்சா அண்ணன் கடைக்குப் போனேன். முப்பது வருடமாகக் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர். பேச்சுவாக்கில் உன் படத்தைக் காட்டினேன். ஐஸ் பொட்டிக்கு அடுப்பு வெச்ச மகராசன் ஆருங்க என்று சிரித்தவர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஏனுங்க அம்மணி, இதை ஆருங்க அடைக்கச் சொன்னது என்றார். நெருப்பு மஞ்சளாக எரிகிறதாம் என்று மட்டும் சொன்னேன். நெருப்பும் நம்மள மாதிரித்தானுங்க, மூச்சு உடோணும், நீலமா எரிஞ்சா சரி, மஞ்சளா எரிஞ்சு கரி புடிச்சா அதுக்குக் காத்துப் பத்தலைங்க, அந்தப் புகை வெளிய போக வழியில்லீன்னா உள்ளதான் வரும், அதுக்கு வாசமும் கெடையாது, தம்பிக்குத் தலை வலிக்குதான்னு கேளுங்க என்றார். கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. காத்துல அணைஞ்சா காத்தை அடைக்கறதில்லைங்க, வண்டியத் திருப்பி நிறுத்தோணும் என்றும் சொன்னார். மேடு பள்ளமில்லாத இடத்தில் நிறுத்த வேண்டுமாம். பர்னர் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாமாம், வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யாமல் இனிப் பற்ற வைக்காதே. பால் கெட்டால் கெடட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தம்பி, உன் வெள்ளியங்கிரி மாமன், மாரடைப்பில் போனான் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அது உண்மையில்லை. மாமன் மடியில் வைத்து உனக்குக் காது குத்த நாள் பார்த்துவிட்டு, அவனிடம் சொல்ல உன்னையும் தூக்கிக்கொண்டு கோத்தகிரிக்குப் போனேன். உனக்கு அப்போது ஒன்பது மாதம். தேயிலை ஃபேக்டரிக்காரர்கள் கொடுத்த ஒற்றை அறை, மார்கழிக் குளிர். உனக்காக அவன் இரும்புச் சட்டியில் கரித்தணல் போட்டு வைத்தான். சன்னல் இடுக்கில் காற்று வந்தது, நான் செய்தித்தாளைக் கசக்கி ஓர் இடைவெளி விடாமல் செருகினேன். நீ அழுகையை நிறுத்தவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டதால் உன்னைத் தூக்கிக்கொண்டு அங்கே படுக்கப் போனேன். விடிந்து காபி கொண்டுபோனபோது அவன் எழுந்திருக்கவில்லை. செய்தித்தாள் விஷயத்தை அப்பாவிடம் மட்டும் சொன்னேன். ஆருகிட்டயும் சொல்லாத, நெஞ்சுவலின்னே சொல்லிப்போடலாம் என்றார். இருபத்திரண்டு வருடம் அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. உனக்குக் காது குத்தியது என் ஒன்றுவிட்ட தம்பி மடியில்.

நம் வீட்டுப் படுக்கையறைச் சன்னலை மழையிலும் சாத்த விடமாட்டேன் என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறாய், கொசு கடிக்கிறது, உனக்குப் பைத்தியம் என்று. அதற்குக் காரணம் இதுதான். அப்படிப்பட்ட நான்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் அடைக்கச் சொன்னேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருப்பதும் ஒரு சன்னல் என்று எனக்குத் தோன்றவே இல்லை கண்ணு.

இந்த இடத்தில், நீ கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று ரிஃபத்துக்கு ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அதைப் படிக்க முயற்சி செய்யாதே.

அப்பா காலையில் குடித்த காபியோடு இருக்கிறார், போனைக் கையில் வைத்துக்கொண்டு களத்தில் நடக்கிறார். அண்ணமார் சாமி உன் பக்கத்தில் நிற்கட்டும். நீண்ட ஆயுசோடு இரு. இன்று ரிஃபத்தோடு போய்விடு, வேனில் படுக்காதே. இனி எங்கே படுத்தாலும் ஒரு சன்னலைத் திறந்து வை. குளிரட்டும், போர்த்திக்கொள்ளலாம்.

அடைக்கச் சொன்ன உன் அம்மா,
கீதா